மனச்சிதைவு என்ற பெயருக்குள் மறைந்திருந்த பீதி: டொனால்ட் கிளைனின் ஹில்சைடு நிகழ்வு

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் இருந்த ஹில்சைடு மருத்துவமனையில், 1950களின் இறுதியில், ஒரு நோயாளி பல மாதங்களாக உள்நோயாளியாகத் தங்கியிருந்தார். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை அவர் தம் அறையிலிருந்து செவிலியர் இருக்கும் இடத்திற்கு ஓடிவந்து, தாம் சாகப்போவதாகச் சொல்வார். இதயம் படபடக்கும், மூச்சு முட்டும், உடல் நடுங்கும். செவிலியர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். இருபது நிமிடங்களில் அந்த அலை அடங்கிவிடும். அவர் அறைக்குத் திரும்புவார். சில மணி நேரத்தில் மறுபடியும் ஓடிவருவார். நோயாளியைப் பேசவிட்டு ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு அமர்வுகள் பலன் தரவில்லை. அந்நாளில் புதிதாக வந்திருந்த குளோர்புரோமசின் என்னும் மருந்தும் இத்தகையவர்களின் நிலையைத் தணிக்கவில்லை. சிலருக்கு மேலும் மோசமாக்கியது.

இவரைப் போன்றவர்களுக்கு அக்காலத்தில் அங்கே பெரும்பாலும் எழுதப்பட்ட நோயின் பெயர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). அவர்களுக்கு மாயக்குரல்கள் கேட்கவில்லை. யாரோ தம்மைக் கொல்லச் சதி செய்வதாக அவர்கள் நம்பவும் இல்லை. பேச்சில் தொடர்பு அறுபடவும் இல்லை. அளவுகடந்த அச்சமும், அது எந்த மருத்துவத்திற்கும் இணங்காமையும் மட்டுமே அந்தப் பெயருக்குப் போதுமானவையாக இருந்தன. டொனால்ட் கிளைன் என்னும் இளம் உளநோய் மருத்துவர் ஏறத்தாழ முப்பது வயதில் அந்த மருத்துவமனைக்கு வந்து, மேக்ஸ் ஃபிங்க் தலைமையிலான ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். அவர் இந்த நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததும், அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவும், பதற்ற நோய்களைப் பற்றிய மருத்துவத்தின் பகுப்பை மாற்றியமைத்தன. மனச்சிதைவையும் பதற்ற நோய்களையும் ஒருசேர ஆராய்ந்த ஒருவரால்தான் இவ்விரண்டுக்கும் நடுவே தவறாகப் போடப்பட்டிருந்த கோட்டைக் காண முடிந்தது என்பது என் கருத்து; ஆகவே நிகழ்வை அந்தக் கோணத்திலிருந்தே இங்கு ஆராய்கிறேன்.

அந்தப் பெயர் ஏன் அங்கே ஒட்டியது?

1949ஆம் ஆண்டில் பால் ஹோக், பிலிப் பொலாட்டின் என்னும் இரு நியூயார்க் மருத்துவர்கள், நரம்புநோயின் (கவலையும் அச்சமும் மிகுந்த, ஆனால் புத்தி பிறழாத மனநோயின்) தோற்றத்தில் வரும் மனச்சிதைவு என ஒரு வடிவத்தை விவரித்தனர். எல்லாவற்றையும் தழுவிய பதற்றம், பலவகை அச்சங்களும் உடல் முறையீடுகளும் ஒரே ஆளிடம் கூடியிருத்தல் ஆகியவற்றையே அவர்கள் அதன் அடையாளங்களாகக் கொண்டனர். வெளியே தெரிவது நரம்புநோய், உள்ளே இருப்பது மனச்சிதைவு என்பதே அவர்களின் கொள்கை. இத்தகைய கருத்துகள் வேரூன்றிய அமெரிக்காவில் மனச்சிதைவு என்னும் சொல்லின் எல்லை பெரிதும் விரிந்துகிடந்தது. 1960களின் பிற்பகுதியில் நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களை ஒப்பிட்ட கூட்டாய்வு இதை ஐயமறக் காட்டியது. மருத்துவமனைக் குறிப்புகளின்படி, நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களின் விகிதம் லண்டனைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. ஆய்வாளர்கள் இரு நகர நோயாளிகளையும் ஒரே முறையில், ஒரே கேள்விகளால் நேர்கண்டபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நோயாளிகளின் நோயில் இல்லாத வேறுபாடு மருத்துவர்களின் எழுதுகோலில் இருந்திருக்கிறது.

ஹில்சைடு அக்காலத்தில் உளப்பகுப்பாய்வு நெறியில் நடந்த நிறுவனம். நோயாளிகள் பல மாதங்கள் தங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இளம் மருத்துவர் அமர்வு நடத்துவார். அவருக்கு மேலே ஒரு மூத்தவர் அந்த அமர்வுகளை மேற்பார்வையிடுவார். அந்த நெறியில் பதற்றம் என்பது ஒரே பொருள், அதன் அளவு மட்டுமே கூடும் குறையும். இலேசான பதற்றம் நரம்புநோய். அது தாங்கும் எல்லையைக் கடந்தால் மனம் உடைந்து மனச்சிதைவு. பீதி என்பது அதே பதற்றத்தின் உச்சம் மட்டுமே. அதற்குத் தனி இயல்பு ஏதுமில்லை. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1895ஆம் ஆண்டில் சிக்மண்ட் ஃபிராய்ட் பதற்ற நரம்புநோயைத் தனியாகப் பிரித்து எழுதியபோது, திடீரெனத் தோன்றி உடலைக் குலுக்கும் தாக்குதலையும், எப்போதும் நீடிக்கும் எதிர்பார்ப்பு நிறைந்த கவலையையும் வெவ்வேறாகவே விவரித்திருந்தார். அதற்கும் முன்பாக, 1871இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜேக்கப் டாகோஸ்டா என்னும் மருத்துவர், இதயத்தில் பழுது இல்லாமலே படபடப்பும் மூச்சிரைப்பும் நெஞ்சுவலியும் வந்த படைவீரர்களைப் பற்றி எழுதியிருந்தார். கண்ட காட்சிகள் பதிவில் இருந்தன. இடையில் வந்த கோட்பாடு அவற்றை விழுங்கிவிட்டிருந்தது.

இமிப்ரமின் அங்கு வந்துசேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். 1952இல் பாரிஸின் சான்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டெலே, பியர் டெனிக்கர் ஆகியோர் மனச்சிதைவு போன்ற நோய்களில் குளோர்புரோமசினின் பயனைக் காட்டிய பிறகு, அதை ஒத்த வேதியமைப்புள்ள மருந்துகளைப் பல நிறுவனங்கள் தேடத் தொடங்கின. சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் அத்தகைய ஒன்றை மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையின் ரோலண்ட் கூனிடம் கொடுத்தது. மனச்சிதைவு நோயாளிகளிடம் அது பலன் தரவில்லை. சிலரிடம் கொந்தளிப்பைக் கூட்டியது. ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர்கள் தேறினார்கள். 1957இல் கூன் இதை வெளியிட்டார். மனச்சிதைவுக்கென்று தொடங்கிய தேடல் மனச்சோர்வு மருந்தில் முடிந்தது. கிளைனும் ஃபிங்க்கும் அதைப் பெற்றபோது, அது எந்த நோய்க்கு உரியது என்ற முன்முடிவை ஒதுக்கிவைத்து, வெவ்வேறு நோய்ப்பெயர் கொண்ட நோயாளிகளுக்குக் கொடுத்து விளைவைக் கவனித்தார்கள். வேறு மருத்துவம் எதுவும் எடுபடாத, அச்சத்தால் முடங்கிய சிலருக்கும் அது கொடுக்கப்பட்டது.

முதல் சில வாரங்களில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. மூன்றாம் வாரத்தில் கிளைன் அந்த நோயாளியைப் பற்றி விசாரித்தபோது, அமர்வு நடத்திய மருத்துவர் பலனில்லை என்றார். மேற்பார்வையாளரும் அப்படியே சொன்னார். நோயாளி தாமும் தமக்குக் குணமில்லை என்றே உறுதியாகக் கூறினார். செவிலியர் மட்டும் அவர் தேறியிருக்கிறார் என்றார்கள். எதைக்கொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, பத்து மாதங்களாக நாள்தோறும் ஓடிவந்தவர் இந்த ஒரு வாரமாக ஓடிவரவில்லை என்பதைக் காட்டினார்கள். கிளைன் நோயாளியிடமே போய்க் கேட்டார். ஓடிவந்து என்ன பயன், அவர்களால் எனக்கு எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டேன் என்ற பொருளில் அவர் விடையளித்தார். அதை இந்தப் பத்து மாதங்களில் அல்லாமல் இந்த வாரத்தில் தெரிந்துகொண்டது ஏன் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

இந்த நிகழ்வின் கரு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நால்வகைப் பார்வையாளர்களில் மூவர், நோயாளி என்ன உணர்கிறார் என்பதைச் சொல்வழியாக அறிந்தவர்கள். அவர்கள் கேட்டதும் பொய்யன்று. அவர் இன்னமும் கவலையுடன்தான் இருந்தார், தனியே வெளியே செல்ல அஞ்சினார், அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்றே எண்ணிக்கொண்டிருந்தார். செவிலியர் பார்த்தது அவர் என்ன செய்கிறார் என்பதை. அதையும் பல மாதங்கள், இரவும் பகலும், எண்ணிக்கையோடு பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் இந்த வரலாற்றில் நிலைபெறாமல் போனதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. கிளைனின் சிறப்பு, இரு தரப்பின் கூற்றையும் ஒருசேர உண்மையென ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. பதற்றம் ஒன்றே என்றால், கடுமையான பகுதி முற்றிலும் நீங்கி மென்மையான பகுதி அப்படியே எஞ்சுவது எப்படி? மருந்து முதலில் குறைக்க வேண்டியது மென்மையானதை அல்லவா? நடந்தது அதற்கு நேர்மாறாக இருந்ததால், பீதியும் எதிர்பார்ப்புப் பதற்றமும் அளவில் மட்டும் வேறுபட்டவை அல்ல, வகையிலேயே வேறுபட்டவை என்று அவர் முடிவு செய்தார்.

அதிலிருந்து நோயின் வளர்ச்சியையும் அவர் வேறு வரிசையில் அடுக்கினார். எந்தக் காரணமும் தெரியாமல், கடைத்தெருவிலோ பேருந்திலோ, முதல் தாக்குதல் திடீரென வருகிறது. பல முறை வந்தபின், இனி எப்போது வருமோ என்னும் இடையறாத கவலை பிறக்கிறது. அதற்குப் பிறகுதான், வந்தால் உதவிக்கு யாருமில்லாத இடங்களை நோயாளி ஒதுக்கத் தொடங்குகிறார். கூட்டம், பயணம், தனிமை எல்லாம் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. இறுதியில் துணையின்றி வீட்டு வாசலைத் தாண்ட முடியாத நிலை வருகிறது. அதுவரை மருத்துவம் வெளியிடங்களுக்குச் செல்ல அஞ்சும் இந்த நிலையை முதல் நோயாகவும், பீதியை அதன் விளைவாகவும் கருதிவந்தது. கிளைன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். மருத்துவத்திற்கு இதனால் நேரடிப் பயன் கிட்டியது. இமிப்ரமின் தாக்குதலை நிறுத்தியது, ஆனால் தாக்குதல் நின்றுவிட்டது என்பதை நோயாளி நம்புவதற்கு அவரை வெளியே நடந்துபார்க்கும்படி ஊக்குவித்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மதுவும் தூக்க மருந்துகளும் எதிர்பார்ப்புக் கவலையை ஓரளவு தணித்தன, தாக்குதலைத் தடுக்கவில்லை. அதனால்தான் இந்நோயாளிகளிற் சிலர் அவற்றுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள்.

தனிநபர் அவதானிப்பில் கிளைன் நின்றுவிடவில்லை. ஃபிங்க்குடன் சேர்ந்து, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இமிப்ரமின், குளோர்புரோமசின், மருந்துப்போலி (மருந்தில்லாத மாத்திரை) எனப் பிரித்து, யார் எதை உண்கிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி ஒப்பிட்டார். 1962இல் அமெரிக்க உளநோய் மருத்துவ இதழிலும், 1964இல் உளமருந்தியல் இதழ் ஒன்றிலும் முடிவுகள் வெளிவந்தன. முன்னது மருந்துக்கு எத்தனை வகையான எதிர்வினைகள் உண்டு என்பதை விரித்துரைத்தது. பின்னது மருந்துக்கு இணங்கும் இருவேறு பதற்றத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டியது. அன்றைய வாசகர்களிடம் அவை பெரிய அதிர்வை உண்டாக்கவில்லை. 1968இல் வெளியான அமெரிக்க நோய்ப்பகுப்பு நூலின் இரண்டாம் பதிப்பு, பதற்ற நரம்புநோய் என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் அடக்கியே வைத்திருந்தது. ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் பீதி நோயும் பொதுமைப்பட்ட பதற்ற நோயும் தனித்தனித் தலைப்புகளாயின. அந்தப் பதிப்பை உருவாக்கிய குழுவில் கிளைனும் இருந்தார். அதே பதிப்பு மனச்சிதைவின் எல்லையையும் இறுக்கியது: மாயத்தோற்றம், திரிபுநம்பிக்கை, சிந்தனைக் குலைவு போன்ற உறுதியான அறிகுறிகள் வேண்டும், நோய் குறைந்தது ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. பீதி நோயின் வாசல் திறந்ததும் மனச்சிதைவின் வேலி நெருக்கமானதும் ஒரே நூலில் நிகழ்ந்ததைத் தற்செயலாக நான் கருதவில்லை.

கிளைன் தம் முறைக்கு மருந்துவழிப் பகுப்பு என்று பெயரிட்டார்: மருந்து எதைக் கரைக்கிறது, எதைக் கரைக்காமல் விடுகிறது என்பதைக் கொண்டு நோயின் மூட்டுகளைக் கண்டறிதல். இந்த முறையை அப்படியே ஏற்பதற்கில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ஒரு மருந்து ஒரு நோயைக் குணப்படுத்தி மற்றொன்றைக் குணப்படுத்தவில்லை என்பது அவை வேறு என்பதற்கு ஒரு குறிப்பு மட்டுமே. இரண்டையும் குணப்படுத்தினால் அவை ஒன்றே என்றும் ஆகாது. 1980களிலும் 1990களிலும் நடந்த ஆய்வுகள், பொதுமைப்பட்ட பதற்ற நோய்க்கும் இமிப்ரமின் பயன்படுகிறது என்று காட்டின; ஆகவே முதல் பிரிப்புக்கு அடிப்படையாயிருந்த மருந்தியல் எல்லை அவர் நினைத்த அளவுக்குக் கூர்மையானதாக இல்லை. இன்று செரட்டோனின் மீளேற்பைத் தடுக்கும் மருந்துகள் பீதி நோய், சமூக அச்சம், பொதுமைப்பட்ட பதற்றம், மனச்சோர்வு ஆகிய அனைத்துக்கும் கொடுக்கப்படுகின்றன.

குழந்தைகள் தொடர்பான ஆய்வு இன்னும் கசப்பான பாடத்தைத் தந்தது. முதிர்ந்த பீதி நோயாளிகளிற் பலர், சிறுவயதில் தாயைப் பிரியமுடியாமல் பள்ளிக்குச் செல்ல மறுத்தவர்கள் என்பதைக் கிளைன் கவனித்திருந்தார். அதனடிப்படையில் அவரும் ரேச்சல் கிளைனும் பள்ளி அச்சம் கொண்ட குழந்தைகளுக்கு இமிப்ரமின் கொடுத்து, 1971இல் அது மருந்துப்போலியை விஞ்சியது என்று வெளியிட்டார்கள். இருபதாண்டுகளுக்குப் பின், 1992இல், ரேச்சல் கிளைனும் உடன் ஆய்வாளர்களும் பிரிவுப் பதற்றம் உடைய குழந்தைகளிடம் மீண்டும் சோதித்தபோது, மருந்து, மருந்துப்போலியைவிட மேலானதாக இல்லை. அந்த முடிவையும் அவர்களே வெளியிட்டார்கள். தம் கருத்துக்கு எதிரான முடிவை அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அச்சேற்றியதை, இந்த வரலாற்றின் மதிப்புமிக்க பக்கங்களில் ஒன்றாக நான் வைக்கிறேன்.

மறுபுறம், நடத்தையை மாற்றிக் குணப்படுத்தும் நடத்தை மருத்துவத்தினரும், தவறான எண்ணங்களைத் திருத்திக் குணப்படுத்தும் அறிதல்முறை மருத்துவத்தினரும் எழுப்பிய மறுப்பு வலுவானது. லண்டனின் ஐசக் மார்க்ஸ், அஞ்சும் இடத்தை நேரில் எதிர்கொள்ளச் செய்வதே உண்மையான மருந்து என்று வாதிட்டார். 1986இல் டேவிட் கிளார்க், உடலில் எழும் சாதாரணப் படபடப்பை மாரடைப்பின் அறிகுறி என்று ஒருவர் தவறாகப் பொருள்கொள்வதே பீதியைச் சுழலாக வளர்க்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். நம் ஊர்களில் நெஞ்சு படபடத்து இரவில் மருத்துவமனைக்கு ஓடி, இதய வரைபடம் சரியாக இருக்கிறது என்று கேட்டுத் திரும்பி, மறுவாரம் மறுபடி ஓடுபவர்களை அறிந்த எவருக்கும் இந்த விளக்கம் உடனே புரியும். 2000ஆம் ஆண்டில் 312 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஒப்பாய்வில், இமிப்ரமினும் அறிதல்முறை மருத்துவமும் தனித்தனியே மருந்துப்போலியை விஞ்சின. மருந்தை நிறுத்திய பிறகு பயன் நீடித்ததில் அறிதல்முறை மருத்துவத்தின் கை ஓங்கியிருந்தது.

ஆனால் பீதி தனி வகையானது என்ற கிளைனின் மையக் கூற்று, மருந்தைச் சாராத வேறொரு பாதையில் வலுப்பெற்றது. 1967இல் ஃபெரிஸ் பிட்ஸ், ஜேம்ஸ் மெக்ளூர் ஆகியோர் பதற்ற நரம்புநோய் கொண்ட 14 பேருக்குச் சோடியம் லாக்டேட் கரைசலைச் சிரைவழி செலுத்தியபோது 13 பேருக்குத் தாக்குதல் வந்தது. நோயற்ற 10 பேரில் இருவருக்கு மட்டுமே வந்தது. 1970களின் பிற்பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூயார்க் மாநில உளநோய் மருத்துவ நிறுவனத்திற்குச் சென்ற கிளைனும் அவருடைய குழுவினரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இமிப்ரமின் உண்டு தேறியவர்களிடம் லாக்டேட் பெரும்பாலும் தாக்குதலைத் தூண்டவில்லை. மேலும், லாக்டேட் தூண்டிய பீதியின்போது, அச்சத்திற்கு உடல் காட்டும் வழக்கமான விடையான கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரின் உயர்வு காணப்படவில்லை. முதன்மையாகத் தெரிந்தது மூச்சுத்திணறல். புலியைக் கண்டு ஓடுபவருக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதில்லை. பீதியில் இருப்பவருக்கு அதுவே முதல் முறையீடு.

இவற்றைக் கோத்து 1993இல் அவர் பொய்யான மூச்சுத்திணறல் அபாயமணி என்னும் கருதுகோளை வெளியிட்டார். கார்பன் டை ஆக்சைடு கூடினாலோ காற்று தடைபட்டாலோ ஒலிக்க வேண்டிய ஓர் அபாயமணி மூளையில் இருக்கிறது. சிலரிடம் அது காரணமின்றி ஒலிக்கிறது. அதுவே பீதித் தாக்குதல். இந்த மணி பிறவியிலேயே செயலிழந்த குழந்தைகளும் இருக்கிறார்கள்: மூச்சை இயக்கும் மூளையுணர்வு குன்றிய பிறவிநோய் கொண்ட அவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு நின்றாலும் திணறல் உணர்வு எழுவதில்லை. அவர்களிடம் பதற்ற நோய்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. கருதுகோள் முழுமையாக நிறுவப்பட்டுவிடவில்லை. லாக்டேட்டும் கார்பன் டை ஆக்சைடும் தூண்டும் தாக்குதலில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது.

மனச்சிதைவின் பக்கம் திரும்பினால், பழைய பிழையின் மறுமுனை இன்று தெரிகிறது. அன்று பீதி நோயாளிகளுக்கு மனச்சிதைவு என்று பெயரிட்டார்கள். இன்று மனச்சிதைவு என்ற பெயர் சரியாகவே பெற்றவர்களிடம் உள்ள பீதி கவனிக்கப்படாமல் போகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்குப் பீதி நோயும், ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குச் சமூக அச்சமும் உடனிருக்கின்றன. இத்தகைய ஒருவர் வெளியே வர மறுப்பதைத் திரிபுநம்பிக்கையின் விளைவு என்றோ, ஆர்வமின்மை என்றோ எழுதிவிட்டு மருந்தின் அளவைக் கூட்டுவது எளிது. பேருந்தில் மூச்சுமுட்டி இறந்துவிடுவேனோ என்ற அச்சத்தால் அவர் வராமல் இருக்கலாம் என்பதை அறிய, அவர் தெருமுனையில் எங்கே நிற்கிறார், எதற்குப் பிறகு திரும்பிவிடுகிறார் என்பதை ஒருவர் கூடவே நடந்து பார்க்க வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தாயோ மனைவியோதான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். ஐந்து நிமிடப் புறநோயாளர் சந்திப்பில் அவரிடம் அதைக் கேட்பவர்கள் குறைவு.

2013இல், கிளைன் எண்பதுகளின் நடுவில் இருந்தபோது, அயோவா ஆய்வாளர்கள் ஓர் அரிய சோதனையை வெளியிட்டார்கள். அச்சத்தை உணர்வதில் முக்கியப் பங்குள்ள மூளைப் பகுதியான அமிக்டலா இருபுறமும் அழிந்துபோன மூன்று பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒருவர், பாம்பைக் கண்டும் கத்திமுனையில் மிரட்டப்பட்டும் அச்சம் கொள்ளாதவராக ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டவர். 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒருமுறை உள்ளிழுத்ததும் மூவருக்கும் பீதித் தாக்குதல் வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நலமான 12 பேரில் மூவருக்கு மட்டுமே வந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்த வேளையில் அந்த மூன்று பெண்களிடமும், மற்றவர்களுக்கு வழக்கமாக எழும் எதிர்பார்ப்புப் பதற்றத்தின் உடற்குறிகள் தென்படவில்லை. ஹில்சைடு நோயாளியிடம் பீதி நின்று எதிர்பார்ப்பு எஞ்சியது. இவர்களிடம் எதிர்பார்ப்பு இல்லாமல் பீதி மட்டும் வந்தது.